கிறுக்கல் என்று தள்ளலாமா?

வரலாறு என்றவுடன் அரண்மனைகளும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. கல்லில் பேசியவர்கள் மன்னர்கள் மட்டுமே, ஊர்மக்கள் பேசாமலே மறைந்துவிட்டார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது உண்மையல்ல என்பதற்கு நான் காட்டும் சான்று, இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷியர் மாவட்டத்து ஆஷ்வெல் சிற்றூரின் புனித மரியாள் தேவாலயம்.

பெரும்பகுதி பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த இத்தேவாலயம், அவ்வட்டாரத்தில் கிடைக்கும் மென்மையான சுண்ணக்கல்லால் கட்டப்பட்டது. இதன் கோபுரம் 176 அடி உயரம். காண்போர் அதைத்தான் வியப்பர். ஆனால் என் மனத்தைத் தொட்டவை, கோபுரத்தின் உட்புறம் வடக்குச் சுவரில் யாரோ கீறிவைத்த சில இலத்தீன் வரிகள்.

'கருப்பு மரணம்' எனப்படும் கொள்ளைநோய் 1348இல் இங்கிலாந்தில் புகுந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாமல் மாண்டனர். ஆஷ்வெல் சுவர் 1350ஆம் ஆண்டைச் சுட்டி, அதைக் கொடிய காலம் என்கிறது. சாட்சி சொல்ல எஞ்சியவர்கள் மக்களில் கடைப்பட்டவர்களே என்று புலம்புகிறது. பின்னர் 1361இல் புனித மௌருஸ் திருநாளன்று வீசிய பெரும்புயலையும் குறிக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால், நம் கணக்கில் அது 1362 ஜனவரி 15. எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் உயிர் பிழைத்தவரின் குரல் இருக்கிறது!

அதே தேவாலயத்தில், 1666 தீயில் அழிந்த இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் பழைய தோற்றம் எனக் கருதப்படும் கீறல் ஓவியமும் உண்டு. கல் மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, காறித் துப்புகிறேன் என்று கட்டட வேலையைத் திட்டிய வரியும் உண்டு. துயரமும் வியப்பும் எரிச்சலும் ஒரே கூரையின்கீழ் பதிவாகியுள்ளன.

இவற்றை அழிக்கப் பகைவர் வேண்டியதில்லை. அழகுபடுத்தும் ஆசையே போதும். பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது ஆங்கிலேயத் தேவாலயங்களின் சுவரோவியங்கள் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'புதுப்பிக்கிறோம்' என்று பழைய பூச்சுகளைச் சுரண்டினர். இதை எதிர்த்தே வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

அப்படியானால் இன்று சுவரில் கிறுக்குவோரையும் போற்றலாமா என்று கேட்பீர்கள். கூடாது. பழஞ்சுவரில் புதிதாகக் கீறுவது, முன்னவர் எழுத்தைச் சிதைப்பதாகும். நான் வேண்டுவது, இருப்பதை வாசிக்கும் பொறுமை. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் 2010 முதல் தன்னார்வலர்கள் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, வெறுங்கண்ணுக்குத் தப்பிய தேவாலயக் கீறல்களைப் பதிவு செய்தனர். அவர்களில் பலர் பட்டம் பெற்ற ஆய்வாளர்கள் அல்லர்.

மாணவ நண்பர்களே, மன்னனின் கல்வெட்டு அவன் சொல்ல விரும்பியதைச் சொல்லும். பெயரற்றவனின் கீறல் அவன் பட்டதைச் சொல்லும். வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். எந்தப் பழஞ்சுவரையும் பூசி மெழுகுமுன் ஒருமுறை வாசித்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.