ஃபைலுக்கும் ஒரு விலாசம் உண்டு

குழந்தையின் தடுப்பூசி அட்டை, மாமியாரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இன்ஷூரன்ஸ் பாலிசி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறீர்களா? சபாஷ்! ஆனால் டாக்டர் கேட்கிற நேரத்தில், "எங்கேயோதானே வெச்சேன்" என்று தேடினால் என்ன பிரயோசனம்? நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டுக்காரர் தேடினால் கேட்கவே வேண்டாம்!

பீரோவில் எந்தத் தட்டில் எந்தப் புடவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அதுபோல, எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபைல் என்று வரிசையாகச் சொல்வதுதான் ஃபைலின் விலாசம். இதைப் 'பாத்' என்பார்கள். கையால் டைப் செய்யவேண்டாம். ஓர் எழுத்து பிசகினாலும் ஃபைல் திறக்காது. காப்பி எடுப்பதே சுலபம்.

விண்டோஸ் 11: ஃபைலை ஒரு தரம் க்ளிக் செய்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அவ்வளவுதான்! வேண்டிய இடத்தில் கண்ட்ரோலும் வி-யும் அழுத்தினால் விலாசம் வந்து விழும். இரு பக்கமும் மேற்கோள் குறி இருக்கும், பயப்படவேண்டாம்.

விண்டோஸ் 10: ஷிஃப்டை அழுத்திக்கொண்டே, ஃபைல் மேல் மவுஸின் வலது பட்டனைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'காப்பி ஆஸ் பாத்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மேக்: ஃபைலைத் தொட்டுவிட்டு ஆப்ஷன், கமாண்ட், சி.

பெயர் மட்டும் போதுமா? விண்டோஸில் எஃப் 2 அழுத்தி, கண்ட்ரோல், சி. பிறகு மறக்காமல் எஸ்கேப் அழுத்துங்கள். இல்லாவிட்டால் கை பட்டுப் பெயரே மாறிவிடும்.

பள்ளி விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழைச் சேர்க்கும்போது, திறக்கும் பெட்டியில் 'ஃபைல் நேம்' என்ற இடத்தில் இந்த விலாசத்தை ஒட்டி, 'ஓபன்' கொடுங்கள். ஃபோல்டர் ஃபோல்டராக அலைய வேண்டாம்.

இன்னொரு உபயோகம். மருத்துவ ஃபைல்கள் எல்லாவற்றையும் கண்ட்ரோல், ஏ அழுத்தி மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அதே முறையில் காப்பி எடுத்தால் வரிக்கு ஒன்றாகப் பட்டியல் கிடைக்கும். பிரிண்ட் எடுத்து பீரோக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தாலும், வீட்டில் யார் வேண்டுமானாலும் ரிப்போர்ட்டை எடுத்துவிடலாம். பாஸ்வேர்டுகளை மட்டும் அதில் எழுதிவைக்காதீர்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். விலாசம் வேறு, வீடு வேறு. ஆபீஸில் இருப்பவருக்கு விலாசத்தை மட்டும் அனுப்பினால் அவர் போனில் ரிப்போர்ட் திறக்காது. ஃபைலையே இணைத்து அனுப்பவேண்டும். ஃபோல்டரை இடம் மாற்றினாலோ, பெயரை மாற்றினாலோ பழைய விலாசம் செல்லாது. பட்டியலைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் வேலை முடிந்ததும் முதலில் தடுப்பூசி அட்டையில் தொடங்கிப் பாருங்களேன். பத்து நிமிஷம்கூட ஆகாது!