முதல் பத்து நிமிடம்

குழந்தைகளுக்கான படம் ஒன்றின் தரம் பெரும்பாலும் அதன் தொடக்கக் காட்சிகளிலேயே தெரிந்துவிடுகிறது. கதை அப்போது சூடுபிடித்திருக்காது. ஆனால் இயக்குநர் குழந்தையை எங்கே நிறுத்துகிறார் என்பது முடிவாகியிருக்கும். இரக்கத்துக்குரிய உயிராகவா, பெரியவர்களைச் சிரிக்கவைக்கும் பொம்மையாகவா, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த மனிதனாகவா என்ற கேள்விக்கு முதல் பத்து நிமிடமே பதில் சொல்லிவிடுகிறது.

மணிகண்டன் எழுதி, ஒளிப்பதிவும் செய்து இயக்கிய 'காக்கா முட்டை' 2014இல் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. 2015 ஜூனில் திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும், அண்ணன் தம்பியாக நடித்த விக்னேஷ், ரமேஷ் இருவருக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதும் கிடைத்தன.

சென்னைக் குடிசை ஒன்றின் இரவில் படம் தொடங்குகிறது. தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிட்ட தம்பி விழித்துக்கொள்கிறான். யாருக்கும் தெரியாமல் அதை மறைக்கப் பார்க்கிறான். அழுகையும் இல்லை, அம்மாவை எழுப்புவதும் இல்லை. வெட்கம், தந்திரம், தன்மானம் மூன்றும் வசனம் இல்லாமலே பார்வையாளருக்கு எட்டிவிடுகின்றன. பிறகு இரண்டு சிறுவர்களும் மரத்தடிக்குப் போகிறார்கள். சோற்றைக் காட்டிக் காக்கையை விலக்கிவிட்டுக் கூட்டிலிருந்து முட்டை எடுக்கிறார்கள். இருப்பவை மூன்று. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, மூன்றாவது காக்கைக்கு.

இந்தப் பங்கீட்டில்தான் படத்தின் அறம் இருக்கிறது. கோழி முட்டைக்கு வழியில்லாத வீடு என்பது புரிகிறது; ஆனால் அதை யாரும் புலம்பிச் சொல்லவில்லை. திருடுகிறவர்களே தாய்ப்பறவைக்கு ஒன்றை விட்டுவைக்கிறார்கள். பசியிலும் நியாயம் தெரிந்த பிள்ளைகள் இவர்கள் என்ற மதிப்பு முதலில் வந்துவிடுவதால், பின்னால் வரும் வறுமைக் காட்சிகள் எதுவும் அவர்களைச் சிறுமைப்படுத்துவதில்லை. அந்த மரம் வெட்டப்பட்டு அதே இடத்தில் பீட்சா கடை எழும்போது, 299 ரூபாய் விலையுள்ள அந்தப் பண்டத்தின் மீது பிள்ளைகளுக்கு எழும் ஆசைக்கும் அவர்கள் இழந்ததற்கும் உள்ள தொடர்பு தானாகவே விளங்குகிறது.

மஜீத் மஜீதியின் ஈரானியப் படமான 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) வேறு வழியில் இதையே செய்கிறது. பெயர்கள் ஓடும் நேரம் முழுக்கச் செருப்புத் தைப்பவரின் கைகள் மட்டும் தெரிகின்றன. சிறுமி ஒருத்தியின் இளஞ்சிவப்புக் காலணி பழையது, தேய்ந்தது. ஊசி ஏறி இறங்குகிறது. அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் அவள் அண்ணன் அலி, ரொட்டிக் கடைக்கும் பிறகு காய்கறிக் கடைக்கும் போகிறான். உருளைக்கிழங்கு பொறுக்கும் நேரத்தில், வெளியே வைத்த காலணிப் பையைக் குப்பை சேகரிப்பவர் அறியாமல் எடுத்துப்போய்விடுகிறார். அந்தத் தையலை அத்தனை நேரம் பார்த்திருப்பதால், தொலைந்த காலணியின் மதிப்பைத் தனியாகச் சொல்லவேண்டிய தேவை இயக்குநருக்கு இல்லை. இப்படத்தைத் தழுவிய 'அக்கா குருவி' தமிழில் 2022இல் வந்தது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யிலும் (1955) சிறுமி துர்கா தொடக்கத்திலேயே கொய்யாப் பழம் பறிக்கிறாள். அந்தத் தோப்பு ஒருகாலத்தில் அவள் குடும்பத்துக்குச் சொந்தமானது. பறித்த பழம் போய்ச் சேருவது வீட்டுக் கிழவியிடம்.

மூன்று படங்களுக்கும் பொதுவானவை சில உண்டு. குழந்தை ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கிறது. கையில் எளிய பொருள் ஒன்று இருக்கிறது: முட்டை, காலணி, பழம். பெரியவர்கள் அறியாத ரகசியமோ, அவர்கள் குறைசொல்லும் குற்றமோ கூடவே வருகிறது. குழந்தையின் குணத்தை எடுத்துச்சொல்லும் வேலையை வசனத்திடம் விடாமல், செய்கையிடம் விட்டிருக்கிறார்கள்.

காஞ்சிபுரம் – உத்திரமேரூர் சாலையில் இருக்கும் திருப்புலிவனம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு, 'காக்கா முட்டை'யின் தொடக்கக் காட்சியைப் புரிந்துகொள்வதில் தனிப் பங்கு உண்டு. கூட்டை நெருங்கினால் காக்கை தலையில் கொத்தும் என்பது ஏரியும் வயலும் சூழ்ந்த ஊரில் வளரும் பிள்ளைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சோற்றைக் காட்டி அதை விலக்குவதில் உள்ள சாமர்த்தியம் அந்தப் பிள்ளைக்கு உடனே பிடிபடும். கிராமத்துப் பிள்ளை இந்தக் காட்சியை அறிவோடு பார்க்கும் பார்வையாளர். அந்த அறிவுக்கு வகுப்பறை மரியாதை தரவேண்டும்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டத்தைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கியது. நல்ல தொடக்கம் அது. ஆனால் படம் முடிந்ததும் 'இதிலிருந்து என்ன நீதி கற்றீர்கள்?' என்று கேட்டால், பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, 'காக்கா முட்டை' போன்ற படத்தின் முதல் பத்து நிமிடத்தை இரண்டாம் முறை போட்டுக்காட்டி, வேறு கேள்விகள் கேட்கலாம். முதலில் காதில் விழுந்த சத்தம் எது? கேமரா யாருடைய உயரத்திலிருந்து பார்க்கிறது? அந்தப் பையன் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை? மூன்றாவது முட்டையை ஏன் விட்டுவைத்தார்கள்? இவற்றுக்குச் சரியான ஒரே விடை கிடையாது; ஆனால் ஒவ்வொரு விடைக்கும் திரையில் ஆதாரம் காட்டியாக வேண்டும். கண்டதைச் சொல்லவும், சொன்னதற்குச் சான்று தரவும் பழகிய பிள்ளை, விளம்பரத்தையும் செய்தியையும் மேடைப் பேச்சையும் அதே கண்ணோடு பார்க்கும். சிறார் திரையிடலின் பயன் அதுவாகவே இருக்கவேண்டும்.