சபையின் முன் நின்ற ஐவர்

சமூகத்தின் ஒழுக்கப் பார்வை மாறும்போதெல்லாம் நம் திருச்சபைகளில் இரு குரல்கள் எழுகின்றன. காலத்தோடு ஒத்துப்போவோம் என்கிறது ஒன்று. உலகம் கெட்டுவிட்டது, கதவைச் சாத்துவோம் என்கிறது மற்றொன்று. இவ்விரு குரல்களிலும், பாதிக்கப்பட்டவரை அமர்த்தி அவர் சொல்வதைக் கேட்கும் பொறுமையைக் காணோம்.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை நம் சபையார் மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். செலொப்பியாத் ஆண்மகவின்றி இறந்தான். அவன் மகள்கள் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் ஆகிய ஐவரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாயிலுக்கு வந்தனர். மோசேயும் ஆசாரியன் எலெயாசாரும் தலைவர்களும் சபையார் அனைவரும் காண நின்று, தந்தையின் காணியில் தமக்கும் பங்கு வேண்டும் என்று வழக்குரைத்தனர். மோசே அவர்களை அதட்டவில்லை. முன்னோர் வழக்கத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பவும் இல்லை. வழக்கை இறைவன் திருமுன் கொண்டு சென்றார். பெண்கள் கேட்டது முறையே என்று தீர்ப்பாயிற்று. பின்னர் 36ஆம் அதிகாரத்தில், தந்தையின் கோத்திரத்துக்குள்ளேயே அவர்கள் மணம் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் அந்த உரிமைக்கு வந்தது. முதலில் செவிமடுத்தனர்; வரம்பு பின்னர் வகுக்கப்பட்டது. இந்த வரிசையைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

மறந்ததன் விளைவுக்குத் திருவிதாங்கூரே சான்று. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, விருப்பாவணம் எழுதாமல் தந்தை இறந்தால், மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே சிரியன் கிறித்தவர் வீட்டு மகளுக்கு உரியதாக இருந்தது. சீதனம் கொடுத்தாலோ, கொடுப்பதாக வாக்களித்தாலோ அதுவும் இல்லை. அந்தச் சீதனத்தில் ஒரு பகுதியைக் கோயிலுக்குச் செலுத்தும் வழக்கமும் சிரியன் கிறித்தவரிடையே இருந்தது. செலொப்பியாத்தின் மகள்களைப் பற்றி வாசிக்கப்பட்ட அதே பீடத்தின் நிழலில்தான் இவ்வளவும் நடந்தது.

தந்தை விட்டுச்சென்ற ஊட்டி வீட்டில் பிள்ளைகளோடு தங்கியிருந்த சிரியன் கிறித்தவப் பெண் மேரி ராயை உடன்பிறந்தவரே வெளியேற்ற முயன்றார். மேரி ராய் 1983இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1986 பிப்ரவரி 24 அன்று நீதிபதி பகவதியும் நீதிபதி பதக்கும் அடங்கிய அமர்வு, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு உறுதியாயிற்று. அப்போது கேரளத்தில் திருச்சபையினர் பலர் கலங்கினர். குடும்பங்கள் சிதறும் என்றனர். விருப்பாவணம் எழுதி மகளை விலக்கிவிடும் வழி பேசப்பட்டது. கிறித்தவப் பெண்ணின் நீதியை நீதிமன்றம் எடுத்துரைக்க, கிறித்தவச் சபை எதிர்த்து நின்றது. இது நமக்குப் பெருங்குறை என்று ஒளிக்காமல் சொல்லவேண்டும். வழக்கத்தை மறைநூலாக மயங்கியதால் நேர்ந்த குறை இது.

ஆனால், சமூகம் செல்லும் திசையெல்லாம் சரி என்று இதிலிருந்து முடிவு செய்வோர் நம் மண்ணின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றுமடல் விடுத்தார். ஊர் வழக்கமும் பெரியோர் கருத்தும் அன்று சாதியின் பக்கமே இருந்தன. தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். எண்ணிக்கை குறையுமே என்று அவர் கட்டளையைத் திரும்பப் பெற்றிருந்தால் என்னவாகியிருக்கும்? அப்படியிருந்தும் திருச்சி மேலப்புதூர் கல்லறையில் இறந்தோரைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர் எழுந்தது. உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் நாவுக்கும் அந்தச் சுவருக்கும் என்ன பொருத்தம்?

இன்றைய வழக்குகள் வேறு. தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் தம் இசைவோடு கொள்ளும் தன்பால் உறவுக்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல் திருநங்கையரையும் திருநம்பியரையும் சட்டம் ஏற்றது. தமிழ்நாடு அதற்கும் முன்பே, 2008இல், நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறைவன் முன் செய்யும் உடன்படிக்கை என்பதே நம் சபைகளின் போதனை. அதைக் காக்கும் உரிமை சபைக்கு உண்டு. தன் பீடத்தில் அச்சமின்றி அதைச் சொல்லலாம். பிறரைச் சிறையில் தள்ளும் சட்டத்தைத் துணைக்கழைக்கும் தேவை அந்தப் போதனைக்கு இல்லை. 1860இல் ஆங்கில அரசு இயற்றிய ஒரு பிரிவை நற்செய்தியின் காவலாக எண்ணியவர்கள் நற்செய்தியைச் சிறிதாக்கினார்கள்.

இதனினும் கொடியது வேறொன்று. திருநங்கை என்று அறிந்த நாளிலேயே பெற்ற பிள்ளையைத் தெருவில் விடும் கிறித்தவக் குடும்பங்கள் உண்டு. ஞாயிறு ஆராதனையில் அந்தப் பெற்றோருக்கு முன்வரிசை. பிள்ளைக்கு வாசற்படியும் இல்லை. எத்தியோப்பிய அண்ணகர் ஒருவர் பாலைவழியில் பிலிப்புவிடம் திருமுழுக்குக்குத் தடை என்ன என்று வினவினார். பிலிப்பு அவரோடு நீரில் இறங்கினார். அந்த வரலாற்றை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கும் சபை எந்த முகத்தோடு கதவடைக்கிறது?

ஆயர் மன்றங்களும் மறைமாவட்டப் பேரவைகளும் இவ்வொழுக்கச் சிக்கல்களில் அறிக்கை எழுதுமுன், எவரைப் பற்றி எழுதுகின்றனவோ அவரைச் சபையின் முன் நிறுத்திப் பேசச் சொல்லட்டும். பங்கு மறுக்கப்பட்ட மகளும், சாதியால் ஒதுக்கப்பட்ட விசுவாசியும், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளையும் பேசட்டும். அதன்பின் மறைநூலைத் திறவுங்கள். ஒப்ப முடியாததை ஒப்ப முடியாது என்று அவர்கள் முகத்துக்கு நேரே, அன்போடு சொல்லுங்கள். அவர்களைக் கேளாமல் எழுதும் எந்த அறிக்கையிலும் ஆயர்கள் கையொப்பமிட வேண்டாம் என்று வேண்டுகிறோம்.