காற்றை அடைக்கும் கட்டடங்கள்

2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு நடைமுறையிலிருந்ததை நம் மக்கள் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி தீவு முழுவதுமே மின்சாரமின்றிக் கிடந்தது. குளிரூட்டியை நம்பி எழுப்பிய கண்ணாடிக் கட்டடம் மின்சாரம் நின்ற அரை மணியில் அடுப்பாகிவிடுகிறது. அவ்வடுப்பினுள் இருப்போர் யார்? காய்ச்சலில் கிடக்கும் நோயாளரும், பரீட்சை எழுதும் பிள்ளைகளும், காணிப் பத்திரத்துக்காகக் காத்திருக்கும் விவசாயியுமே.

முற்றமும் விறாந்தையுமாய் அமைந்த நாற்சார் வீட்டின் பெருமையைப் பேசுவது நமது நோக்கமன்று. நாம் பேசுவது கணக்கு. யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டையொட்டிச் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கிறான். மார்கழியில் தெற்கே மிகச் சாய்ந்த நாளிலும், நண்பகலில் அடிவானத்துக்கு மேல் 57 பாகை உயரத்திலிருக்கிறான். எனவே தெற்குச் சுவரிலுள்ள 5 அடி உயர யன்னலை அந்த நண்பகல் வெயிலினின்று காக்க, யன்னலின் மேல்விளிம்பை ஒட்டி 3¼ அடி நீண்ட இறவாரம் போதும். வடக்குச் சுவருக்கு அதனினும் குறைவே வேண்டும். கிழக்கு மேற்குச் சுவர்களின் நிலை வேறு. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலை எந்த இறவாரமும் மறிக்காது. ஆகவே நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். குறுகிய சுவர்கள், இயன்றவரை யன்னலின்றி, கிழக்கும் மேற்கும் பார்க்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகமும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் அந்நீண்ட சுவர்களிலேயே சாய்வாக வந்து படும். வெயிலுக்கு உகந்த திசை காற்றுக்கும் உகந்ததாய் வாய்த்தது நமது நற்பேறு.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் தவறுகிறது? வீதி எப்பக்கமோ அப்பக்கமே முகப்பு என்று வரைபவர்கள் முடிவு செய்கிறார்கள். நுவரெலியாவின் குளிருக்கும் மன்னாரின் வெயிலுக்கும் ஒரே மாதிரி வரைபடம் பொருந்துமென நினைப்பாரும் உளர். மாத்தறையிலே ருகுணு பல்கலைக்கழகத்தை ஜெஃப்ரி பாவா 1980களில் வகுத்தபோது, 50க்கு மேற்பட்ட கட்டடங்களைக் கூரையிட்ட நடைபாதைகளால் இணைத்தார். அதுவும் அரசாங்கப் பணத்தில் எழுந்த பொதுக் கட்டடமே.

நீண்ட இறவாரத்தைச் சூறாவளி தூக்கிவிடுமே என்பார் சிலர். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலைக் கண்டவர்கள் அவ்வாறு அஞ்சுவதில் நியாயமுண்டு. விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு பிணைக்காது தனியே தாங்குமாறு அமைத்தால், ஒன்று பறந்தாலும் மற்றது நிற்கும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் குளிரூட்டி வேண்டும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. அதற்காக வெளிநோயாளர் பகுதியையும் வகுப்பறையையும் அடைத்து மூடுவானேன்? 2022இல் இறைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தேடி வரிசையில் நின்ற வெங்காயச் செய்கையாளரின் வரிப்பணமும் அந்தக் குளிரூட்டிகளின் மின்கட்டணத்தில் சேர்கிறது.

2025 மே மாதத்தில் மக்கள் தெரிந்தெடுத்த பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை உறுப்பினரை நாம் கேட்பது இதுவே: புதிய கட்டடத்துக்குக் கேள்விப் பத்திரம் கோருமுன் அதன் வரைபடத்தைச் சபை வாசலில் ஒட்டுங்கள். வடக்குத் திசையும், சோளகமும் வாடையும் வரும் வழியும், சித்திரை, ஆனி, மார்கழி மாதங்களில் நிழல் விழும் இடமும் அதில் குறிக்கப்பட்டிருக்கட்டும். அக்குறிகள் இல்லாத வரைபடத்துக்குக் கை உயர்த்தாதீர்கள்.