அர்பத்நாட்டின் நாற்காலி

ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள சேவூரில் பட்டு நெய்யும் வீடுகளில் சேமிப்பு என்பது சிறுகச் சிறுக வருவது. ஒரு சேலை தறியைவிட்டு இறங்கி, கூலி கைக்கு வந்து, செலவு போக மிஞ்சுவதுதான் பெண்ணின் கல்யாணத்துக்கு. அந்தப் பணத்தை யாரை நம்பிக் கொடுப்பது? கூடுதல் வட்டி தருகிறேன் என்பவர்களை நம்பி ஏமாந்த கதைகள் ஆரணிப் பக்கம் புதிதல்ல. ஆனால், அன்றைய மதராஸில் ஏமாற்றியவர் தெருமுனை ஆசாமி அல்ல, வெள்ளைக்காரத் துரை!

பாரி, பின்னி, அர்பத்நாட் மூன்றும் மதராஸின் பெரிய வணிக நிறுவனங்கள். 1861-ம் வருடச் சட்டப்படி, கவர்னர் தன் சட்டசபைக்கு அதிகாரிகள் அல்லாத சிலரையும் நியமிக்கலாம். தேர்தல் கிடையாது, கவர்னர் கைகாட்டினால் போதும். அப்படி உட்கார்ந்த வணிகர்களில் ஒருவர் வில்லியம் ரையர்சன் அர்பத்நாட். வர்த்தக சபைக்கும் மதராஸ் வங்கிக்கும் தலைமை வகித்தவர். கடையும் அவர்களுடையது, வங்கியும் அவர்களுடையது, சட்டம் போடும் சபையிலும் அவர்கள். ஜனங்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள்? 'அர்பத்நாட் என்றால் சர்க்கார் மாதிரி!'

பென்ஷன்தாரர்கள், விதவைகள், வக்கீல்கள் என்று எல்லோரும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அது கடல் கடந்து சூதாட்டம்போன்ற முதலீடுகளில் கரைந்தது யாருக்கும் தெரியவில்லை.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கதவு மூடியது. பணம் போட்டுத் தவித்தவர்கள் சுமார் 7,000 பேர். லண்டன் கூட்டாளி மக்ஃபேடியன் ரயிலில் விழுந்து உயிரை விட்டார். அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். 'சர்' பட்டம் பெற்றவரும் சிறைக்குப் போகலாம் என்பதை அன்றுதான் ஊர் பார்த்தது. ஆனால், துரை உள்ளே போனதால் விதவையின் பணம் திரும்பிவிடுமா என்ன?

பணம் போட்டவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் வழக்கோடு நிற்கவில்லை. 'நம் பணத்துக்கு நம் வங்கி' என்று நகரத்துப் பிரமுகர்களையும் செட்டியார்களையும் திரட்டினார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. 1911-ல் கிருஷ்ணசாமி ஐயரே கவர்னரின் நிர்வாக சபையில் உறுப்பினரானார்.

கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் நிறுவனம் இருந்த இடத்தையும் இந்தியன் வங்கியே வாங்கிக்கொண்டது.