காணாமல் போன மூன்று நாள் சந்தா



எங்கள் மஹல்லாவின் வாரச் சந்தாக் கணக்கை ஒரு பொடியன் சும்மா கணினியில் போட்டுத் தந்தான். 2025 கணக்கை எடுத்தபோது டிசம்பர் 29, 30, 31 மூன்று நாளும் கட்டிய காசைக் காணவில்லை. 'சுருட்டிவிட்டான்' என்று கதை பரவியது. நாங்கள் சிலர் வாய்மூடி இருந்தோம். அது எங்கள் பிழை.

காசு அங்கேயேதான் பதிவாகியிருந்தது. ஆனால் 2026 டிசம்பர் 29, 30, 31 என்று, இன்னும் வராத நாட்களில்.

ஜாவா போன்ற மொழிகளில் திகதியைக் காட்டும்போது சின்ன 'ஒய்' நான்கு போட்டால் வழமையான ஆண்டு வரும். பெரிய 'ஒய்' போட்டால் வருவது 'வார ஆண்டு'. ஐஎஸ்ஓ 8601 முறையில் வாரம் திங்களில் தொடங்கும், முதல் வியாழன் விழும் வாரமே 1ஆம் வாரம். 2026 ஜனவரி 1 வியாழன் என்பதால், அதற்கு முந்திய திங்களான டிசம்பர் 29 அடுத்த ஆண்டுக்குள் போய்விட்டது. பெப்ரவரியிலோ ஜூலையிலோ சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை பிடிபடவே மாட்டாது. 2014 டிசம்பர் 29இல் டுவிட்டரே இப்படி ஆண்டை 2015 என்று காட்டியதில், அன்ட்ரொய்ட் போன் வைத்திருந்த பலர் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பனிக்கே நடந்தது, நம்ம பொடியனுக்கு நடக்காதா?

வாரம் எங்கே தொடங்குகிறது என்பதில் உலகம் ஒத்துப்போனதேயில்லை. அரபியில் 'அஹத்' என்றால் ஒன்று, அதாவது ஞாயிறுதான் முதல் நாள். நம் நாட்டிலேயே 1966 முதல் 1971 வரை ஞாயிறு லீவு இல்லை, போயா நாளே வார விடுமுறை. போயாவுக்குப் போயா எப்போதும் ஏழு நாள் வராது. வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். எக்செலிலும் இதே சிக்கல்தான். 2027 ஜனவரி 3 ஞாயிறு, அதன் சாதாரண வார எண்படி 2ஆம் வாரம், ஐஎஸ்ஓப்படி 53ஆம் வாரம்!

ஆகவே சங்கங்களும் பாடசாலைகளும் '5ஆம் வாரம்' என்று மட்டும் எழுதுவதை விட்டு, தொடங்கும் திகதியையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது எங்கள் கருத்து. நிரல் எழுதும் பிள்ளைகள் டிசம்பர் கடைசியையும் ஜனவரி முதல் நாட்களையும் போட்டுச் சோதிக்கட்டும்.

பொடியன் பிழையைத் திருத்திவிட்டான். கணக்கு சரி. இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நாங்கள் அவன் வீட்டுக்குப் போகிறோம். கதை பரப்பியவர்களும் வரலாம்.