இத்தனை அணை இருந்தும் ஓர் இரவு தங்க வழியில்லை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே இருக்கிற எங்கள் எருத்தேன்பதியிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஓர் அணை வந்துவிடும். வடக்கே வாளையார், வடமேற்கே மலம்புழா, தென்மேற்கே மீன்கரையும் சுள்ளியாறும், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டித் தெற்கே போனால் ஆழியாறு. இத்தனை தண்ணீர் சுற்றிலும் இருக்க, குடும்பத்தோடு கரையோரம் கூடாரம் போட்டோ, வேனை நிறுத்தியோ ஓர் இரவு தங்கலாம் என்று நினைத்தால் இடமில்லை. வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் பேச்சே முடிந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கு அப்படியில்லை. பாலக்காடு என்றாலே பச்சை என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம் என்பது தெரியாது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்து வளர்கிற குழந்தைகள் இவர்கள். விடிகாலையில் கண் விழித்ததும் எதிரே ஏரி விரிந்து கிடப்பதை அவர்கள் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று நினைப்பது ஆடம்பரமா?

மலம்புழாவுக்குப் போங்கள் என்பார்கள். 1955இல் காமராஜர் திறந்துவைத்த அணை, அருமையான தோட்டம், கானாயி குஞ்ஞிராமன் வடித்த யட்சி சிலை. எல்லாம் சரி, பார்த்து முடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். பறம்பிக்குளம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போக பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்ற வேண்டும். 2010 முதல் அது புலிகள் காப்பகம். நாயை உள்ளே விடமாட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்ற டிஸ்டெம்பர், நாய்களுக்கு வருகிற நோய்தான். காட்டில் நாய்க்கு வேலையில்லை என்பது நியாயமான சட்டம். என் ஆதங்கமெல்லாம் காட்டுக்கு வெளியே இருக்கிற கரைகளைப் பற்றியது. புலியும் யானையும் இல்லாத இடத்திலும் ஏன் ‘கூடாது’ என்ற ஒரே பலகை?

தனியார் விடுதிகளின் கதை வேறு. “ஃபேமிலிக்கு ஏற்ற இடம்” என்று போனில் சொன்னதை நம்பி, நாயையும் கூட்டி வருகிறோம் என்று சொல்லியே முன்பணம் கட்டிப் போனோம். போய்ச் சேர்ந்த பிறகு, நாயை வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். கழிப்பறைக்கு நாற்பது படி இறங்க வேண்டும். முட்டி வலியோடு வந்திருந்த அம்மாயி இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். “முன்னாடியே கேட்டிருக்கலாமேங்க” என்று மேனேஜர் சொன்னதுதான் இன்றைக்கும் மனத்தில் குத்துகிறது. கேட்டுவிட்டுத்தானே வந்தோம்!

கேரள அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தது. மறு ஆண்டே இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிற்க இடமும் இருந்தால் பூங்கா நடத்தலாம் என்பது விதி. ஆனால் அந்தத் திட்டத்தில் சொன்ன கேரவன்கள் இரண்டு வகை: ஒன்று இருவருக்கு, மற்றது நால்வருக்கு. தாத்தா, பாட்டி, குழந்தைகள், கூடவே நாய் என்று கிளம்புகிற குடும்பம் எந்த வண்டியில் ஏறுவது? எங்கள் ஊரில் ஒருவர் சொந்த வேனிலேயே கட்டிலும் அடுப்பும் பொருத்தி வைத்திருக்கிறார். அதை இரவில் நிறுத்திவைக்க இடம் கிடைக்காமல் பெட்ரோல் பங்க் ஓரத்தில் தூங்குகிறார்.

இடம் என்றால் எதையாவது திறந்துவிடச் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், ஒரு ரிசார்ட்டின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம் ஆசிரியை யானை தாக்கி இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த எவரும் யானைத்தடத்தில் கூடாரம் கேட்க மாட்டார்கள். தண்ணீரும் அப்படித்தான். 2024 ஜூலையில் மூலத்தறை தடுப்பணையில் ஷட்டர் திறந்துவிட்ட நேரத்தில் சித்தூர்ப்புழையின் நடுவே ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டித்தான் நால்வரையும் கரை சேர்த்தார்கள். நம் ஆறுகளில் வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வரும், ஏனென்றால் மழை பெய்வது எங்கேயோ மலையில். அணைக்கரையில் நீர்மட்டம் எதுவரை ஏறும் என்பது நீர்ப்பாசனத் துறைக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, மேடான இடத்தில், காய்த்த தென்னையோ காய்ந்த கிளையோ தலைக்கு மேல் இல்லாத இடமாகப் பார்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டியது அவர்கள் வேலை. கூடாரத்துக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை, இருட்டில் வந்து இறங்குகிற அப்பாவிடமா விடுவது?

கழிவுதான் இதில் பெரிய விஷயம். இந்த ஏரித் தண்ணீரைத்தான் வயலுக்கும் விடுகிறோம், பல ஊர்களில் குடிக்கவும் செய்கிறோம். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும் என்பது தமிழ்நாட்டோடு செய்த 1970 ஒப்பந்தம். ஒவ்வொரு கோடையிலும் அதற்காக இங்கே எத்தனை போராட்டம்! அப்படிக் கேட்டு வாங்கிய தண்ணீரில் வேனின் கழிவறைத் தொட்டியைத் திறந்துவிட்டுப் போனால் பொறுக்க முடியுமா? அதனால் கரையை விட்டுத் தள்ளி ஒரு மூடிய தொட்டி வேண்டும். கார்க்காரர்கள் வீசிப்போகிற பாட்டில்களைப் பொறுக்கிப் போட ஓர் ஆள் வேண்டும். நாய் வைத்திருப்பவர் கயிற்றோடுதான் வர வேண்டும். வெறிநாய்க்கடி, எலிக்காய்ச்சல் ஊசி போட்ட சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் காட்டுவோம்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. கம்பாலத்தறை, வெங்கலக்கயம் போல எங்கள் சித்தூர் தாலுக்காவிலேயே ஏரிகள் இருக்கின்றன, அவற்றின் கரையில் காடு கிடையாது. கரையை விட்டு எட்டி 50 சென்ட் சமதளம், லாரி திரும்புகிற அகலத்தில் பாதை, மழையில் சக்கரம் புதையாதபடி கொஞ்சம் ஜல்லி, படி இல்லாத கழிப்பறை, விளக்கு, இரவில் ஒரு காவலாள். கட்டணம் வாங்கட்டும், கொடுக்கிறோம். அந்தக் காவல் வேலை உள்ளூர் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களுக்குக் கிடைக்கட்டும். காலையில் அவர்களே இட்லி சுட்டு விற்கட்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதை மனுவாகவே எழுதிக் கொடுக்கப் போகிறேன். தமிழிலும் மலையாளத்திலும்.